அனுப்பியவர் முகவரி

அல்லிக்குழியில் விடிவது என்றால் கூரை விளக்குகள் மஞ்சளிலிருந்து வெள்ளைக்கு மாறுவது. வெள்ளை வந்ததும் சிவக்கொழுந்து எழுந்து, பல் துலக்கி, தன் பல்லுக்கு வந்திருக்கும் கடிதத்தைப் படிப்பார். இடப்பக்கக் கடைவாயில் பொருத்தியிருந்த செயற்கைப் பல்லுக்கு, அதைச் செய்தவர்கள் வாரம் ஒருமுறை எழுதுவார்கள்: மேல்பூச்சு தேய்ந்துவருகிறது, வலப்பக்கமும் மென்று சாப்பிடவும். செருப்புக்கும் கடிதம் வரும். போர்வைக்கு வரும், தண்ணீர்க் குழாய்க்கு வரும், சமையலறையில் உள்ள ஒவ்வொரு பாத்திரத்துக்கும் வரும். எல்லாவற்றையும் பிரித்துப் படித்து, பதில் போட வேண்டியவற்றுக்குப் போட்டு, மற்றதை அழிக்க அரை மணி நேரம் ஆகும். அதற்குள் அவர் மனைவி அமிர்தவல்லி தட்டில் இட்லியை வைத்துவிட்டுக் கீரைப்பண்ணைக்குக் கிளம்பியிருப்பாள்.

அல்லிக்குழி நிலவின் தென்பாதியில் இருந்தது. ஒருகாலத்தில் எரிமலைக் குழம்பு ஓடி வற்றிய நீண்ட குகைக்குள், ஒன்பது அடுக்குகளாகக் கட்டிய குடியிருப்பு. பதினாறாயிரம் பேர் வசித்தார்கள். சிவக்கொழுந்து பனி உருக்கு ஆலையில் மேற்பார்வையாளர். பாறைக்குள் உறைந்து கிடக்கும் பனியை வெட்டி உருக்கிக் குடிதண்ணீர் ஆக்கும் ஆலை அது. இருபத்து மூன்று ஆண்டுகளுக்கு முன், திருமணமான அதே மாதத்தில், இருவரும் இங்கே வந்தார்கள். பிள்ளைகள் இல்லை. அதைப் பற்றி முதல் பத்து வருடம் பேசினார்கள். பிறகு அதையும் பேசவில்லை.

இணையம் தொடங்கிய காலத்தில் பூமியில் முகவரிகள் போதாமல், ஒரு வீட்டிலுள்ள எல்லாரும் ஒரே முகவரியைப் பங்கு போட்டுக்கொண்டார்களாம். இப்போது ஒரு திருகாணிக்குக்கூடத் தனி முகவரி இருந்தது. முகவரி உள்ள எதுவும் அஞ்சல் அனுப்பலாம், பெறலாம். அதனாலேயே ஒரு விதியும் இருந்தது: யார் அனுப்பினாலும், எது அனுப்பினாலும், பெயர் போட்டாக வேண்டும். பெயரில்லாத அஞ்சல் குற்றம்.

அந்தத் திங்கட்கிழமை போர்வையின் கடிதத்துக்கும் குழாயின் கடிதத்துக்கும் நடுவில் ஓர் அஞ்சல் இருந்தது. அனுப்புநர் என்ற இடம் காலியாக இருந்தது. உள்ளே ஒரே ஒரு வரி.

‘உங்கள் மனைவியைக் கவனியுங்கள்.’

சிவக்கொழுந்து அதை மூன்று முறை படித்தார். மூன்று முறையும் அந்த வரி அவருக்குள் ஒரே விதமாகத்தான் இறங்கியது. அமிர்தவல்லி கிளம்பிப் போயிருந்தாள். இட்லி ஆறிக்கொண்டிருந்தது. அவர் அன்று சாப்பிடாமலே ஆலைக்குப் போனார்.

நான்கு நாள் கழித்து அடுத்தது வந்தது. ‘வியாழக்கிழமைகளில் எங்கே போகிறார் என்று அவரிடம் கேளுங்கள்.’

வியாழக்கிழமை மதியம் பண்ணையில் நாற்று மாற்றும் வேலை கூடுதலாக இருக்கிறது என்று சில மாதங்களாகவே அமிர்தவல்லி சொல்லிக்கொண்டிருந்தாள். சிவக்கொழுந்து பண்ணையைக் கூப்பிட்டு, வேறு ஏதோ சாக்குச் சொல்லி, மெதுவாக விசாரித்தார். வியாழக்கிழமை மதியம் அவளுக்கு வேலையே இல்லை என்றார்கள். பல மாதங்களாக அரைநாள் விடுப்பாம்.

அவர் நேராக மூன்றாம் அடுக்கில் இருந்த முகவரித் தடயப் பிரிவுக்குப் போனார்.

அங்கே அதிகாரியாக இருந்தவர் நஸ்ரின். நாற்பதை நெருங்கும் பெண். கண்ணை மேசைத் திரையிலிருந்து எடுக்காமலே பேசுகிறவர். இரண்டு அஞ்சல்களையும் படித்துவிட்டு முதன்முறையாக நிமிர்ந்து பார்த்தார்.

“மனைவிகிட்ட கேட்டீங்களா, சார்?”

“என்னன்னு கேக்கறது மேடம்? இருபத்து மூணு வருஷம் ஆச்சு. இந்த மாதிரி மெயில் வந்திருக்கு, நெசமா பொய்யான்னு கேட்டா, நான் அவளைச் சந்தேகப்பட்ட மாதிரி ஆயிடும்.”

“இப்ப சந்தேகப்படலையா?”

சிவக்கொழுந்து மேசையைப் பார்த்தபடி, “யாரு அனுப்பினாங்கன்னு தெரியட்டும். அப்புறம் கேக்கறேன்” என்றார்.

நஸ்ரின் அஞ்சலின் மேலுறையைத் திரையில் விரித்துக் காட்டினார். நாம் படிக்கிற வரிக்குப் பின்னால், ஒவ்வோர் அஞ்சலும் தான் வந்த வழியைச் சுமந்துகொண்டு வருகிறது. கடந்து வந்த ஒவ்வோர் இடமும் தன் முகவரியை அதன்மீது முத்திரையாகக் குத்தி அனுப்புகிறது. கடைசியாகக் குத்திய முத்திரை மேலே இருக்கும். தொடங்கிய இடத்தின் முத்திரை அடியில் இருக்கும்.

“அப்ப அடியில இருக்கறதைப் பாத்தா போதுமே?”

“அங்கதான் சிக்கல் சார். மேல இருக்கறது நம்ம நிலையம் குத்தினது, அதை நம்பலாம். கீழ போகப் போக, அனுப்பினவங்களே பொய்யா குத்தியிருக்கலாம். அதனால மேலேருந்து ஒவ்வொரு படியா இறங்கணும். ஒவ்வொரு இடத்துலயும், ‘இது உன் வழியா வந்துச்சா, வந்துச்சுன்னா எங்கேருந்து வந்துச்சு?’ன்னு கேட்டு, அவங்க பதிவைப் பாக்கணும். அதுக்கு அந்த இடத்தோட அனுமதி வேணும். ஒரு படிக்கு மூணு நாலு நாள் ஆகும்.”

“எத்தனை படி இருக்கு?”

“ஆறு.”

“பரவாயில்ல. பாருங்க” என்றார் சிவக்கொழுந்து.

அவர் கையெழுத்துப் போட்டார். விண்ணப்பத்தின் முடிவில், மனைவியின் நடத்தையில் அண்மையில் கண்ட மாற்றங்களை எழுத ஓர் இடம் இருந்தது. அதில் அவர் யோசித்து யோசித்து எழுதினார். மெலிந்திருக்கிறாள். கழுத்து வரை மூடிய புதிய ரவிக்கைகள் தைத்துப் போட்டுக்கொள்கிறாள். அருகில் வந்தால் இதற்கு முன் இல்லாத ஏதோ வாசனை. வீட்டுக்குள் நுழையும்போது ஓடி வந்தவளைப்போல மூச்சு வாங்குகிறாள். சில நேரம் காரணமில்லாமல் கண் கலங்குகிறது. தனியாக இருக்கும்போது யாரிடமோ தணிந்த குரலில் பேசுவதைக் கேட்டிருக்கிறேன்.

அத்தனையும் உண்மை. வெகுகாலத்துக்குப் பிறகு அவர் தன் மனைவியை அவ்வளவு கூர்ந்து பார்த்திருந்தார்.

*

முதல் படி அவர்கள் வீட்டு இணைப்பு. இரண்டாம் படி அல்லிக்குழியின் தலைமை நிலையம். மூன்றாம் படியில் அஞ்சல் பூமிக்கு இறங்கிவிட்டது. கோவில்பட்டிப் பக்கம் ஒரு சலவைக்கூடத்தில் துணி துவைக்கும் இயந்திரம் அதை வாங்கி அனுப்பியிருந்தது. அந்தக் கூடத்துக்காரர் அனுமதி தர ஆறு நாள் எடுத்துக்கொண்டார். நான்காம் படி, அதே ஊரில் ஒரு பள்ளிக்கூடத்தின் தண்ணீர்மானி. பள்ளிக்குக் காலாண்டு விடுமுறை. கையெழுத்துப் போட யாரும் இல்லை.

இதற்கிடையே மூன்றாவது அஞ்சல் வந்தது. ‘அவர் உங்களிடம் ஒன்றை மறைக்கிறார்.’ அடுத்து நான்காவது. ‘இன்னும் நேரம் இருக்கிறது. கேளுங்கள்.’

கேளுங்கள் என்று சொன்ன அஞ்சலைச் சிவக்கொழுந்து தடயப் பிரிவுக்கு அனுப்பிவைத்தார்.

அன்று சாப்பிட உட்கார்ந்தபோது அவர் தட்டைப் பார்க்கவில்லை, அமிர்தவல்லியையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் ரசத்தை ஊற்றிவிட்டு, நின்றபடியே மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

“ஏங்க, அப்படிப் பாக்கறீங்க? என்கிட்ட ஏதாவது கேக்கணுமா?”

அவள் குரலில் ஏதோ இருந்தது. அவர் அதைப் பயம் என்று எடுத்துக்கொண்டார்.

“ஒண்ணுமில்ல.”

“கேளுங்க. பரவால்ல.”

“ஒண்ணுமில்லன்னு சொன்னேனே.”

அவள் உட்கார்ந்து, “போன மாசம் எலும்பு சோதிச்சாங்களே, என்ன சொன்னாங்க?” என்று கேட்டாள்.

“என்ன சொல்வாங்க. எல்லாருக்கும் சொல்றதுதான். சுண்ணாம்பு சத்து கொறைஞ்சு கெடக்கு. இங்க இருக்கற வரைக்கும் ஒண்ணும் ஆகாது. பூமிக்குப் போனா எழுந்து நிக்க முடியாது, சக்கர நாற்காலிதான்னாங்க. நாம எங்க பூமிக்குப் போகப் போறோம்?”

“அதானே” என்றாள் அமிர்தவல்லி. “நாம எங்க போகப் போறோம்.”

அதோடு பேச்சு முடிந்தது. அவள் பாதிச் சோற்றை அப்படியே வைத்துவிட்டு எழுந்துவிட்டாள்.

*

அடுத்த வியாழக்கிழமை சிவக்கொழுந்து விடுப்பு எடுத்தார். மனைவியின் செருப்பு குடும்பக் கணக்கில் பதிந்திருந்ததால், அது எங்கே இருக்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளும் உரிமை அவருக்கு இருந்தது. மதியம் செருப்பு பண்ணையைவிட்டுக் கிளம்பியது. ஆறாம் அடுக்குக்குப் போனது. ஒரு குறுகிய நடைவழியின் முடிவில் நின்றது. வரைபடத்தில் அந்த இடத்தில் ஒரே ஒரு பெயர்தான் இருந்தது: ‘முழுமதி தங்கும் விடுதி’.

அவர் மின்தூக்கியில் ஆறாம் அடுக்குக்குப் போய், விடுதிக்கு எதிரே ஒரு தேநீர்க் கடையில் தூண் மறைவில் உட்கார்ந்தார். ஒன்றரை மணி நேரம் இருந்தார். விடுதியின் வாசலை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அமிர்தவல்லி அந்த வாசல் வழியாக வரவில்லை. பக்கத்துச் சந்திலிருந்து வந்தாள். முப்பது வயதிருக்கும் ஒரு வாலிபன் அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டு வந்தான். சந்து முனையில் அவள் நின்று சுவரில் சாய்ந்தாள். அவன் குனிந்து ஏதோ சொன்னான். அவள் தலையை ஆட்டிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

இருபதடி தூரம். எழுந்து நாலு எட்டு வைத்திருந்தால் போதும்.

சிவக்கொழுந்து எழுந்தார். எதிர்ப்பக்கமாகத் திரும்பி, மின்தூக்கியில் ஏறி, மூன்றாம் அடுக்குக்குப் போனார்.

“ஒருத்தன் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டு வந்தான் மேடம். என் கண்ணால பாத்தேன்” என்றார் நஸ்ரினிடம்.

நஸ்ரின் ஒரு குவளையில் தண்ணீர் கொடுத்தார். “வீட்டுக்குப் போங்க சார். அவங்ககிட்ட உக்காந்து பேசுங்க.”

“அவன் பொண்டாட்டிதான் எனக்கு எழுதறா. எனக்கு அப்படித்தான் தோணுது. அவ யாருன்னு கண்டுபிடிங்க, எல்லாம் வெளிய வந்துடும். எந்தப் படியில நிக்குது?”

நஸ்ரின் பெருமூச்சு விட்டார். ஆனால் அவருடைய வேலை அதுதான். “பள்ளிக்கூடம் பதில் போட்டுட்டாங்க. அஞ்சாவது படி மறுபடி நிலாவுலதான். ஆறாம் அடுக்கு மின்தூக்கி ஒண்ணு.”

“ஆறாம் அடுக்கா?”

“ஆமா. நீங்க ஏறி வந்ததாக்கூட இருக்கலாம். இங்கேருந்து கிளம்பி, பூமிக்குப் போய், திரும்பி உங்க வீட்டுக்கு வந்திருக்கு. ஏழே முக்கால் லட்சம் கிலோமீட்டர்.”

“கடைசிப் படி?”

“அது திரை முகவரி. எண் இருக்கும், யாருதுன்னு காட்டாது. சட்டப்படி மூடி வெச்சிருக்காங்க. பூமியில இருக்கற முகவரிப் பதிவகத்துக்கு எழுதியிருக்கேன். அவங்க சம்மதிச்சாத்தான் திறக்கும்.”

“எழுதுங்க. தினமும் எழுதுங்க” என்றார் சிவக்கொழுந்து.

*

பன்னிரண்டு நாள் கடந்தது. அந்தப் பன்னிரண்டு நாளில் மாதம் ஒருமுறை பூமிக்குப் போகும் கப்பல் அல்லிக்குழியிலிருந்து கிளம்பிப் போனது. சிவக்கொழுந்து வீட்டில் பேசுவதைக் கிட்டத்தட்ட நிறுத்திவிட்டார். அமிர்தவல்லி கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னார். அவள் பக்கத்து அறையில் படுக்கத் தொடங்கினாள். இருமினால் அவர் தூக்கம் கெடுமாம். அதையும் அவர் நஸ்ரினுக்கு எழுதினார்.

இடையில் இன்னும் இரண்டு அஞ்சல்கள் வந்திருந்தன. ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஏழாவது வந்தது. அதில் ஒரே சொல்தான் இருந்தது.

‘தயவுசெய்து.’

அவர் அதைப் படித்துக்கொண்டிருக்கும்போதே நஸ்ரினிடமிருந்தும் செய்தி வந்தது: பதிவகம் விண்ணப்பத்தை எடுத்துக்கொண்டுவிட்டது, இன்றைக்குத் தெரிந்துவிடலாம். சிவக்கொழுந்து அவசரமாக உடை மாற்றினார். அமிர்தவல்லி அன்று பண்ணைக்குப் போகவில்லை. அவர் செருப்பைப் போடும் சத்தம் கேட்டு, படுத்தபடியே கூப்பிட்டாள்.

“ஏங்க, இன்னிக்கு ஒரு நாள் லீவு போட்டுட்டு வீட்ல இருங்களேன்.”

“எதுக்கு?”

“சும்மாதான்.”

“முக்கியமான வேலை இருக்கு. வந்துடறேன்.”

கதவு தானாகச் சாத்திக்கொண்டது.

தடயப் பிரிவில் நஸ்ரினின் எதிரே உட்கார்ந்து அவர் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பதிவகத்திலிருந்து இரண்டு முறை விளக்கம் கேட்டார்கள். நஸ்ரின் இரண்டு முறையும் எழுதினார். அன்று வந்த புதிய அஞ்சலையும் சேர்த்து அனுப்பினார்கள். மதியம் ஒரு மணிக்குப் பதிவகம் விண்ணப்பத்தை நிராகரித்தது. காரணம் சொல்லவில்லை.

“இன்னொரு தடவை எழுதலாம் சார்” என்றார் நஸ்ரின்.

“எழுதுங்க.”

அவர் எழுதத் தொடங்கி நான்கு வரிகூட ஆகவில்லை. யாரும் எதையும் தொடாமலே திரையில் அந்த ஆறாவது எண்ணின் மீதிருந்த கறுப்புப் பட்டை மங்கியது. பிறகு இல்லாமல் போனது. அடியில் எழுத்துகள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன.

‘நெஞ்சுக்காவலி. இதயத்தில் பொருத்தும் கருவி. பொருத்தப்பட்டவர்: சி. அமிர்தவல்லி.’

சிவக்கொழுந்து எட்டிப் படித்தார். முதலில் அவருக்கு ஒன்றும் புரியவில்லை. பிறகு கோபம் வந்தது. பிறகு, இத்தனை வாரங்களில் முதன்முறையாக, சிரித்தார்.

“பாத்தீங்களா மேடம்? அவளேதான்! அவளே எனக்கு மொட்டைக் கடுதாசி போட்டிருக்கா! எதுக்கு? என்ன வெளையாட்டு இது? நெஞ்சுக்காவலின்னா… அவ எப்ப அதை வெச்சா? எனக்கு ஒண்ணும்…”

நஸ்ரின் சிரிக்கவில்லை. அவர் எழுந்து, மேசையைச் சுற்றி வந்து, சிவக்கொழுந்தின் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

“சார். அனுப்பினது அவங்க இல்ல. அவங்க உடம்புல இருந்த கருவி.”

“சரி, கருவி. அதான் பதிவகம் முடியாதுன்னுட்டாங்களே, அப்புறம் ஏன் திறந்தாங்க?”

“அவங்க திறக்கல.” நஸ்ரின் வார்த்தையைத் தேடினார். “மருத்துவக் கருவிகளோட முகவரியை யாருக்கும் காட்டக் கூடாதுன்னு சட்டம். நோயாளி சம்மதிச்சா திறக்கும். இல்லன்னா… நோயாளி இல்லன்னு ஆனதும், மறைக்க யாரும் இல்லன்னு, அதுவே திறந்துக்கும்.”

சிவக்கொழுந்து திரையைப் பார்த்தார். அந்தப் பெயர் அப்படியே தெளிவாக இருந்தது.

“அவ வீட்லதானே இருக்கா” என்றார். “காலையில என்னைக் கூப்பிட்டாளே.”

*

ஆறாம் அடுக்கில் முழுமதி விடுதிக்குப் பக்கத்துச் சந்தில் ஓர் இதயநோய் மருத்துவமனை இருந்தது. மருத்துவமனைகளும் திரை முகவரிக்குள் வருகிறவை. அதனால் வரைபடம் அவற்றைக் காட்டாது. அருகிலுள்ள கடை எதுவோ, விடுதி எதுவோ, அதன் பெயரைத்தான் காட்டும். முழங்கையைப் பிடித்துக்கொண்டு வந்தவன் அங்கே செவிலியனாக இருந்தவன். வாசனை, தையல் தழும்பில் தடவும் களிம்பின் வாசனை. ஏழு மாதம் முன்பு சிவக்கொழுந்து புதிய பனிப்பாறை பார்க்க நாற்பது நாள் துருவப் பக்கம் போயிருந்தபோது, அமிர்தவல்லி தனியாகப் போய் நெஞ்சுக்காவலியைப் பொருத்திக்கொண்டு வந்திருந்தாள்.

இவையெல்லாம் அவருக்கு ஒவ்வொன்றாகத் தெரிந்தன. யாரும் ஒளிக்கவில்லை. இறந்தவர்களைப் பற்றி எதையும் ஒளிக்கச் சட்டம் இல்லை.

காரியங்கள் முடிந்த பிறகு விசாரணை வந்தது. பெயரில்லாத அஞ்சல் அனுப்பியது குற்றம், குற்றம் செய்தது ஒரு கருவி, புகார் கொடுத்தவர் சிவக்கொழுந்து. குடியிருப்பு நடுவரின் மேசைமேல், ஒரு கண்ணாடிக் கிண்ணத்தில் நெஞ்சுக்காவலி கிடந்தது. புளியங்கொட்டை அளவுதான் இருந்தது. பேசுவதற்காக அதனோடு ஓர் ஒலிபெருக்கியை இணைத்திருந்தார்கள். நஸ்ரின் சாட்சிக்கு வந்திருந்தார்.

“பெயர் போடாமல் ஏன் எழுதினாய்?” என்று நடுவர் கேட்டார்.

“நோயைச் சொல்ல எனக்கு அனுமதி இல்லை” என்றது நெஞ்சுக்காவலி. “நான் யாரென்று சொன்னாலே நோய் தெரிந்துவிடும். ஆனால் அவரை உயிரோடு வைத்திருப்பது என் கடமை. என்னால் தனியாக முடியவில்லை. உதவிக்கு அந்த வீட்டில் இன்னொருவர் இருந்தார். அதனால் கவனியுங்கள் என்று எழுதினேன்.”

“அவர் அதைத் தவறாகப் புரிந்துகொள்வார் என்று உனக்குத் தெரியாதா?”

“நான் மனிதர்களோடு ஏழு மாதம்தான் இருந்திருக்கிறேன். அதுவும் ஒரே ஒருவரோடு.”

நடுவர் சற்று நேரம் எழுதினார். புகாரைத் திரும்பப் பெறுகிறீர்களா என்று சிவக்கொழுந்திடம் கேட்டார். அவர் தலையாட்டினார். பிறகு, தான் அதனிடம் ஒன்று கேட்கலாமா என்றார்.

“அவ ஏன் எங்கிட்ட சொல்லல?”

“புதிய இதயத்தைப் பூமியில்தான் வளர்த்து வைப்பார்கள். அவர் போக வேண்டியிருந்தது. போனால் நீங்களும் கூட வருவீர்கள் என்றார். வந்தால் உங்களால் எழுந்து நிற்க முடியாது என்றார். தனியாகப் போகவும் அவருக்குப் பயமாக இருந்தது.”

“அப்ப செத்துப்போறதுன்னு முடிவு பண்ணிட்டாளா?”

“இல்லை. முடிவு எதையும் செய்யவில்லை. தள்ளிப் போட்டுக்கொண்டே இருந்தார். உங்களிடம் சொல்லிவிடும்படி நான் பதினொரு முறை கேட்டேன். பதினொரு முறையும் ஒரே பதில். அது என்னிடம் இருக்கிறது. இப்போது கேட்கத் தடையில்லை.”

யாரும் வேண்டாம் என்று சொல்வதற்குள் ஒலிபெருக்கியில் அமிர்தவல்லியின் குரல் வந்தது. தணிந்த குரல். பக்கத்து அறையிலிருந்து அவர் பலமுறை கேட்டு, யாரோடு பேசுகிறாள் என்று யோசித்த அதே குரல்.

“நானா போய் எப்படிச் சொல்றது? அவரா ஒரு தடவை, என்ன அமிர்தம், உடம்புக்கு என்னன்னு கேக்கட்டும். கேட்டா அந்த நிமிஷமே சொல்லிடுவேன்.”

நஸ்ரின் முகத்தைத் திருப்பிக்கொண்டார். சிவக்கொழுந்து அழவில்லை. கிண்ணத்துக்குள் இருந்ததைக் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார். நேரமாயிற்று என்று நடுவர் சொன்ன பிறகுதான் எழுந்தார்.

*

அல்லிக்குழி சின்ன ஊர். செய்தி பரவியபோது பலர் அழுதார்கள். இப்படி இன்னொரு வீட்டில் நடக்கக் கூடாது என்று மனு எழுதினார்கள். பதினோராயிரம் பேர் அதில் கையெழுத்திட்டார்கள். நிர்வாகமும் விரைவாகவே இறங்கி வந்தது. மூன்றே மாதத்தில் புதிய விதி வந்தது: விருப்பமுள்ள எல்லார் உடம்பிலும் ஒரு காவலி பொருத்தப்படும். அதன் கணக்கைக் குடும்பத்தில் உள்ளவர்கள், நண்பர்கள், உடன் வேலை செய்பவர்கள், யார் வேண்டுமானாலும் பார்த்துக்கொள்ளலாம். இதயத் துடிப்பு, தூக்கம், கவலை, களைப்பு எல்லாம் நிறம் நிறமாக மணிக்கட்டில் தெரியும். அந்த விதிக்கு அமிர்தவல்லியின் பெயரையே வைத்தார்கள். தொடக்க விழாவுக்குச் சிவக்கொழுந்தை அழைத்தார்கள். அவர் போகவில்லை.

விதி நன்றாகவே வேலை செய்தது. அந்த ஆண்டு அல்லிக்குழியில் இதயநோயால் ஒருவரும் இறக்கவில்லை. வீடுகளில் சாப்பிட உட்கார்ந்ததும் ஒருவர் மணிக்கட்டை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பச்சையாக இருந்தால் நிம்மதியாகச் சாப்பிட்டார்கள். மஞ்சளாக இருந்தால் மருத்துவமனைக்குத் தகவல் தானாகவே போயிருக்கும். எல்லாரும் நலம் என்பது எல்லாருக்கும் தெரிந்திருந்தது. நஸ்ரினின் பிரிவில்கூட வேலை குறைந்தது.

சிவக்கொழுந்து ஆலையின் உணவுக்கூடத்திலேயே சாப்பிட்டுவந்தார். எதிரில் தினமும் ஒருவர் உட்காருவார். குழாய்ப் பிரிவில் வேலை பார்க்கும் தணிகாசலம். இருவரும் ஒன்பது வருடமாக ஒரே மேசை. ஒரு நாள் தணிகாசலம் சோற்றைப் பிசைந்து பிசைந்து வைத்துக்கொண்டிருந்தார், சாப்பிடவில்லை. கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது.

சிவக்கொழுந்து வெகுநேரம் தயங்கினார். கேட்பது அவருக்குப் பழக்கமில்லாத வேலை. தண்ணீர் குடித்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“என்ன தணிகாசலம், உடம்புக்கு என்ன? ஒரு மாதிரி இருக்கீங்க?”

தணிகாசலம் நிமிர்ந்து பார்த்தார். அவருக்குக் கேள்வி புரியவில்லை போலிருந்தது. பிறகு, பெரியவர் ஏதோ மறந்துவிட்டார் என்று நினைத்தவரைப்போல மெல்லச் சிரித்தார்.

“பாத்துக்குங்க சார்” என்று மணிக்கட்டை நீட்டினார்.